குண்டும் குழலும் துணியும்

தலத்தெருவிலிருந்து கடற்கரையோரமாக வடக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் சென்றால் கடலூர். அங்கே தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் சிதைவுகள் உள்ளன. துப்பாக்கிக் குண்டின் பாய்ச்சலை முதன்முதலில் அறிவியல் முறையில் ஆராய்ந்த பெஞ்சமின் ராபின்ஸ், 1751இல் அந்தக் கோட்டையில்தான் காலமானார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்படுத்த வந்தவர் அவர். காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமான 1739க்கு மூன்றாண்டுகள் கழித்து, 1742இல், அவருடைய பீரங்கியியல் நூல் வெளியாயிற்று.

குண்டு ஏன் வழி தவறுகிறது?

அந்நாளைய படைவீரனின் துப்பாக்கியில் குழலின் உட்புறம் வழவழப்பாக இருக்கும். வாய் வழியே மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டுக் கோலால் இடித்துக் கெட்டிப்பார்கள். கரிமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே எஞ்சும். அது குழலில் கசடாகப் படியும். கசடு படிந்த குழலிலும் குண்டு எளிதாக இறங்க வேண்டுமென்று, குண்டைக் குழலைவிடச் சிறியதாகவே வார்த்தார்கள். ஆங்கிலேயரின் துப்பாக்கியில் குழலின் விட்டம் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். குண்டின் விட்டமோ சுமார் 17.5 மில்லிமீட்டர்தான்!

இவ்வளவு இடைவெளி இருந்தால் என்ன ஆகும்? குண்டு குழலின் சுவர்களில் மோதிக்கொண்டே வரும். கடைசியாக எந்தப் பக்கம் உரசியதோ அதற்கேற்ப ஏதோவொரு திசையில் சுழலும். சுழலும் குண்டைக் காற்று பக்கவாட்டில் தள்ளும். சுழற்பந்து காற்றில் வளைவதும் இதனால்தான். குண்டு விலகுவதற்குச் சுழற்சியே காரணம் என்று காட்டியவர் ராபின்ஸ்.

சுழற்சியையே துணையாக்கினால்?

சுழற்சியைத் தடுக்க முடியாது. ஆனால் அதன் அச்சை நாம் தீர்மானிக்கலாம். குழலின் உள்ளே திருகுபோல வளைந்து செல்லும் பள்ளங்களை வெட்டினால், குண்டு தான் செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலும். காற்று அதை ஒரு பக்கமாகத் தள்ளாது. இதுவே ரைபிள். ஆனால் பள்ளங்கள் குண்டைப் பற்றினால்தானே அது சுழலும்? கசடு படிந்த குழலில் இறுக்கமான குண்டை இடித்து இறக்குவதோ பெரும்பாடு. இந்தச் சிக்கலைத் தீர்த்தது எண்ணெயோ கொழுப்போ தடவிய ஒரு சிறு துணித் துண்டு.

கணக்கைப் பாருங்கள்

பள்ளங்களுக்கு இடைப்பட்ட மேடுகளில் அளந்தால், குழலின் விட்டம் 12.70 மில்லிமீட்டர் என்று கொள்வோம். பள்ளத்தின் ஆழம் 0.25. குண்டின் விட்டம் 12.45. துணியின் கனம் 0.38. குண்டைச் சுற்றி மேடுகளில் இருக்கும் இடைவெளி 0.125 மில்லிமீட்டர், அங்கே துணி நன்றாக நசுங்கும், மெத்தென்ற ஈயமும் சற்றுக் குழியும். பள்ளங்களில் இடைவெளி 0.125 + 0.25 = 0.375. துணி அதைச் சரியாக அடைத்துவிடுகிறது! வாயு கசியாது, குண்டும் துணியோடு சேர்ந்து சுழலும்.

அதே துணியுடன் 12.20 மில்லிமீட்டர் குண்டைப் போட்டால் பள்ளத்தில் இடைவெளி 0.50 ஆகிவிடும். சூடான வாயு அதன் வழியே பாய்ந்து துணியைக் கருக்கும். 12.70 மில்லிமீட்டர் குண்டோ துணியுடன் உள்ளே இறங்கவே இறங்காது. கால் மில்லிமீட்டர் வேறுபாடு குறியைக் கெடுத்துவிடுகிறது.

ஆகவே முதலில் அளக்க வேண்டியது குழலை. துப்பாக்கியின் பெயரிலுள்ள எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. ‘12 போர்’ என்பதன் பொருள் என்ன தெரியுமா? ஒரு பவுண்டு ஈயத்தில் 12 குண்டுகள் வார்த்தால், அந்தக் குண்டு பொருந்தும் குழல் என்பதே. அத்தகைய குண்டின் எடை 37.8 கிராம், விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். அடுத்து, மேட்டு விட்டத்தைவிடச் சற்றே சிறிய குண்டு. அதன்பின் பள்ளத்தை நிரப்பும் துணி. துணி நெருக்கமாக நெய்த பருத்தியாக இருக்க வேண்டும். செயற்கை இழை உருகிவிடும்.

துணி சொல்லும் செய்தி

சுட்டபின் சில மீட்டர் தொலைவில் விழும் துணியே சாட்சி. நடுவில் குண்டின் வட்டமும் விளிம்பில் பள்ளங்களின் தடங்களும் தெளிவாக இருந்தால் பொருத்தம் சரி. கருகியிருந்தால் வாயு கசிந்திருக்கிறது. மேடுகள் பட்ட இடத்தில் வெட்டுண்டிருந்தால் இறுக்கம் மிகுதி, அல்லது மேடுகளின் விளிம்பு கூர்மை. குண்டு, துணி, மருந்து மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் என்ன நேர்ந்தது என்று புரியாது. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். உங்கள் பள்ளிச் சோதனைக் கூடத்து விதியும் இதுதானே!

1849இல் பிரெஞ்சுப் படைத்தலைவர் மினியே, அடிப்புறம் குழிவான குண்டை அமைத்தார். வாயுவே அதை விரித்துப் பள்ளங்களில் பதித்தது. துணிக்கு வேலையில்லாமல் போயிற்று. அதன் வழிவந்த என்ஃபீல்டு ரைபிளில் கொழுப்பு தடவிய காகிதம் குண்டைச் சுற்றியிருந்தது. அது எந்த விலங்கின் கொழுப்பு என்ற ஐயமே 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை மூட்டிய பொறிகளுள் ஒன்று.

வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியானாலும், 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். நமக்கோ துப்பாக்கி தேவையில்லை. அருங்காட்சியகத்தில் ஒரு பழைய குழலைக் காணும்போது, அதன் வாயருகே பள்ளங்கள் தெரிகின்றனவா என்று உற்றுப் பாருங்கள். அதற்கான குண்டு துணி சுற்றி இறங்கியதா, வெறுமனே உருண்டு இறங்கியதா என்பதை நீங்களே ஊகிக்கலாம்.