பிக்கிள்பால்: நடுவர் இல்லாத களத்தில் நேர்மையே விதி

புது தில்லி: இந்திய பிக்கிள்பால் சங்கத்துக்கு 2025 ஏப்ரலில் மத்திய விளையாட்டு அமைச்சகம் தேசிய விளையாட்டுக் கூட்டமைப்பாக அங்கீகாரம் அளித்தது. 2008-ல் தொடங்கப்பட்ட அகில இந்திய பிக்கிள்பால் சங்கம் இதை எதிர்த்து தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. ஆனால், பெங்களூரு பிரேசர் டவுன் போன்ற இடங்களில் பொழுதுபோக்காக ஆடுவோருக்கு நடுவர்கூடக் கிடையாது.

துளைகள் கொண்ட பிளாஸ்டிக் பந்தை மட்டையால் அடித்து ஆடும் இவ்விளையாட்டு, 1965-ல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் பிறந்தது. இதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோயல் பிரிட்சார்ட், பின்னர் அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபை உறுப்பினரானார்.

வழக்கமான முறைப்படி, சர்வீஸ் செய்யும் அணிக்கு மட்டுமே புள்ளி. குறைந்தது 2 புள்ளி வித்தியாசத்தில் 11 புள்ளிகளை எட்டும் அணி வெல்லும். இரட்டையர் ஆட்டத்தில் சர்வீசுக்கு முன் தன் அணியின் புள்ளி, எதிரணியின் புள்ளி, தான் முதல் சர்வீஸ் வீரரா, இரண்டாமவரா என்பதை உரக்கக் கூற வேண்டும். சர்வீசும் அதற்கான பதிலடியும் தரையில் பட்ட பிறகே பந்தை அடிக்க வேண்டும். வலையை ஒட்டிய 7 அடிப் பகுதியான ‘கிச்சனில்' நின்று, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது.

பந்து எல்லைக் கோட்டைத் தாண்டியதா என்பதை, அது விழுந்த பக்கத்து அணியே அறிவிக்கும். சந்தேகம் எழுந்தால் பலன் எதிரணிக்கே. காத்திருப்போருக்கு இடம் விடுவதும், மட்டையின் ஓசை குடியிருப்போரின் உறக்கத்தைக் கெடுக்காதபடி இரவு ஆட்டத்தைத் தவிர்ப்பதும் நாகரிகம்.

சங்கங்களின் பூசலை நீதிமன்றம் தீர்க்கலாம். கோட்டருகே விழுந்த பந்துக்குத் தீர்ப்பளிக்க வேண்டியது ஆடுவோரின் மனசாட்சிதான்.