‘அதோ, அந்தப் பக்கம்!’ - ஒலியால் கைகாட்ட முடியுமா?

“அண்ணே, போஸ்ட் ஆபீஸ் எந்தப் பக்கம்?”

“அதோ, அந்தப் பக்கம் தம்பி.”

தெருவில் தினமும் நடக்கிற பேச்சுதான். ஆனால், பதில் சொன்னவர் வாயால் சொன்னது பாதி. மீதியைச் சொன்னது அவருடைய கை. கேட்டவருக்குப் பார்வை இல்லையென்றால் அந்த மீதிப் பாதி போய்ச் சேராது. புகை மண்டிய கட்டிடத்தில் வாசலைத் தேடுகிறவருக்கும் இதே நிலைதான். ‘வெளியே போங்க’ என்று ஒலிபெருக்கி கத்தும். எந்தப் பக்கம் போவது என்று சொல்லாது.

கையைக் காட்டுவதுபோல ஒலியைக் காட்ட முடியுமா? முடியும். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதையே தகவலாக மாற்றும் இந்த முறைக்கு ‘ஸ்பேஷியல் ஆடியோ’ என்று பெயர். தமிழில் முப்பரிமாண ஒலி எனலாம். சினிமா தியேட்டரிலும் வீடியோ கேமிலும் நமக்குப் பழகிப்போன அதே நுட்பம்தான், தெருவில் ஒருவர் தனியாக நடந்துபோகவும் உதவுகிறது.

காது திசையைக் கண்டுபிடிப்பது எப்படி?

வலப்பக்கம் ஒரு ஆட்டோ ஹாரன் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சத்தம் முதலில் வலது காதுக்கு வரும். தலையைச் சுற்றிக்கொண்டு இடது காதுக்குக் கொஞ்சம் தாமதமாகப் போகும். காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர். நம் தலையின் அகலத்துக்கு இந்தத் தாமதம் அதிகபட்சம் 0.7 மில்லி விநாடி அளவில்தான் இருக்கும். இதைவிட மிகச் சிறிய வித்தியாசத்தையும் மூளை பிடித்துவிடும். நல்ல சூழலில் 10 மைக்ரோ விநாடி, அதாவது ஒரு விநாடியை ஒரு லட்சம் துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு அளவுக்கான தாமதம்கூட அதற்குத் தெரியும்.

இரண்டாவது துப்பு, சத்தத்தின் அளவு. கீச்சென்ற உச்ச ஒலிகளைத் தலை மறைத்துக்கொள்ளும். அதனால் தள்ளியிருக்கும் காதில் அவை மங்கலாக விழும். கனத்த, தாழ்ந்த ஒலிகளுக்கு நேர வித்தியாசம், உச்ச ஒலிகளுக்கு அளவு வித்தியாசம் என்ற இந்த இரட்டை விளக்கத்தை 1907இல் பிரிட்டன் இயற்பியலாளர் லார்டு ரேலி முன்வைத்தார். இன்றும் பாடப் புத்தகங்கள் இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

ஆனால், நேர் முன்னால், நேர் பின்னால், தலைக்கு மேலே என்று வந்துவிட்டால் இந்த இரண்டு துப்பும் கைவிட்டுவிடும். இரண்டு காதுக்கும் ஒலி ஒரே நேரத்தில், ஒரே அளவில் வருமே! அங்கே கைகொடுப்பது காது மடல். அதன் மேடு பள்ளங்களில் பட்டு ஒலி லேசாக உருமாறும். மேலிருந்து வந்தால் ஒரு மாதிரி, பின்னாலிருந்து வந்தால் வேறு மாதிரி. சிறு வயதிலிருந்தே மூளை இதைக் கற்று வைத்திருக்கிறது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

இதற்கு ஆய்வகம் தேவையில்லை. வீட்டில் ஒருவரை, “அம்மா, கண்ணை மூடிக்கிட்டு உட்காருங்க. தலையை மட்டும் ஆட்டாதீங்க” என்று உட்கார வையுங்கள். அவருக்கு முன்னால், பின்னால், தலைக்கு மேலே என்று மாறி மாறிச் சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். பெரும்பாலும் சரியாகவே சொல்வார். அடுத்து, செல்போனில் ஒரே சுருதியில் ஒலிக்கும் ‘பீப்’ சத்தத்தை வைத்து இதையே செய்யுங்கள். முன்னால் ஒலிப்பதை, “பின்னாடிதானே?” என்று கேட்டாலும் ஆச்சரியமில்லை.

காரணம் இதுதான். சாவிக்கொத்தின் சலசலப்பில் பல அலைவரிசைகள் கலந்திருக்கின்றன. காது மடல் அவற்றில் எதைக் கூட்டியது, எதைக் குறைத்தது என்று மூளை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ஒற்றைச் சுருதியில் ஒப்பிட எதுவும் இல்லை. இப்போது தலையைத் திருப்பிப் பார்க்க அனுமதியுங்கள். ‘பீப்’ இருக்கும் இடமும் சட்டென்று தெளிவாகிவிடும். தலை திரும்பத் திரும்ப, இரு காதுக்கும் இடையிலான வித்தியாசம் மாறுவதே பெரிய துப்பு.

ஹெட்ஃபோனுக்குள் திசை வருவது எப்படி?

ஹெட்ஃபோனில் ஒலி காதின் வாசலிலேயே பிறக்கிறது. தலையைச் சுற்றும் வேலையும் இல்லை, மடலில் படும் வேலையும் இல்லை. அதனால்தான் சாதாரணப் பாட்டு தலைக்கு உள்ளேயே ஒலிப்பதுபோல இருக்கிறது. முப்பரிமாண ஒலி, விட்டுப்போன இந்த மாற்றங்களைக் கணக்குப் போட்டுச் சேர்க்கிறது. ஒவ்வொரு திசையிலிருந்து வரும் ஒலியையும் தலையும் மடலும் எப்படி மாற்றும் என்று முன்கூட்டியே அளந்து வைத்திருப்பார்கள். அந்த மாற்றத்தை எந்த ஒலியின்மீது ஏற்றினாலும், அது அந்தத் திசையிலிருந்து வருவதாக மூளை நம்பிவிடும். கூடவே, தலை திரும்புவதை சென்சார் கவனித்து ஒலியையும் அதற்கேற்ப நகர்த்தினால் நம்பிக்கை உறுதிப்படும்.

சிக்கல் ஒன்று உண்டு. உங்கள் காது மடலும் பக்கத்து வீட்டுக்காரரின் காது மடலும் ஒன்றல்ல. பொதுவான அளவு எல்லோருக்கும் பொருந்தாது. முன்னும் பின்னும் குழம்பும். ஐபோன் கேமராவால் காதைப் படம் பிடித்து ஒலியை ஆளுக்கேற்ப மாற்றும் வசதியை ஆப்பிள் 2022இல் கொண்டுவந்தது இதற்காகத்தான். ஆனாலும் மூளை பழகிக்கொள்ளும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஒரு சோதனையில், காது மடலுக்குள் அச்சு வைத்து அதன் வடிவத்தையே மாற்றினார்கள். மேலா, கீழா என்று சொல்லும் திறன் முதலில் போய்விட்டது. சில வாரங்களில் திரும்பி வந்தது. அச்சை எடுத்தபோது பழைய காதையும் மூளை மறக்கவில்லை.

‘இடப்பக்கம் திரும்பு’ வேறு, ‘அதோ அங்கே’ வேறு

இந்த நுட்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்ததில் முக்கியமானது மைக்ரோசாஃப்டின் ‘சவுண்ட்ஸ்கேப்’ செயலி. பார்வையற்றவரும் அந்நிறுவனத்தில் பணியாற்றியவருமான ஏமோஸ் மில்லர் இதன் பின்னணியில் இருந்த முக்கியமானவர். பிரிட்டனின் ‘கைடு டாக்ஸ்’ தொண்டு நிறுவனத்துடன் சேர்ந்து 2014இல் சோதிக்கப்பட்ட இந்த யோசனை, 2018இல் ஐபோன் செயலியாக வெளிவந்தது.

வழக்கமான வழிகாட்டிச் செயலிகள், ‘50 மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்’ என்று உத்தரவு போடும். கேட்பவர் அடுத்த உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டும். சவுண்ட்ஸ்கேப் அப்படிச் செய்யவில்லை. போக வேண்டிய இடத்தில் ஓர் ஒலிக் கம்பம் நட்டதுபோல, அந்தத் திசையிலிருந்து ஒரு தாளம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதை நேராகப் பார்த்துத் திரும்பினால் ஒலியின் தன்மை மாறி, ‘இதுதான் திசை’ என்று உணர்த்தும். நடக்கும்போது வலப்பக்கம் ஒரு கடை இருந்தால் கடையின் பெயர் வலப்பக்கத்திலிருந்தே கேட்கும். எந்தச் சந்தில் நுழைவது, எந்தக் கடையில் நிற்பது என்பதை நடப்பவரே முடிவு செய்துகொள்ளலாம். பார்வை உள்ளவர்கள் தெருவை மேய்ந்துகொண்டே நடப்பார்களே, கிட்டத்தட்ட அப்படி.

காதுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது

பார்வையற்றவருக்குத் தெருவில் காதுதான் கண். வண்டி வருவதும், எதிரே சுவர் இருப்பதும், சந்து திறப்பதும் காதில்தான் தெரியும். அந்தக் காதை ஹெட்ஃபோனால் அடைத்துவிட்டு வழி சொல்வது ஆபத்து. அதனால்தான் காதை மூடாமல், கன்னத்து எலும்பு வழியாக அதிர்வை அனுப்பும் ‘போன் கண்டக்‌ஷன்’ ஹெட்செட்டுகளைப் பலர் விரும்புகிறார்கள். இதில் திசைத் துல்லியம் கொஞ்சம் குறையலாம். ஆனால், பின்னால் வரும் பைக் காதில் விழும்.

அடுத்த வரம்பு ஜிபிஎஸ். திறந்த வெளியிலேயே செல்போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் தள்ளிக் காட்டலாம். உயரமான கட்டிடங்களுக்கு நடுவே பிழை இன்னும் கூடும். 5 மீட்டர் என்பது நடைபாதைக்கும் நடுரோட்டுக்கும் உள்ள இடைவெளி. ஆகவே, ஒலி கடை இருக்கும் பக்கத்தைக் காட்டும். கடை வாசலில் திறந்து கிடக்கும் சாக்கடையைக் காட்டாது. வெள்ளைக் கைத்தடிக்கோ பயிற்சி பெற்ற நாய்க்கோ இது மாற்று அல்ல, துணை மட்டுமே.

ஒரு காது கேட்காதவர்களுக்கு இந்த முறை பெரும்பாலும் பயன்படாது; இரண்டு காதுகளின் ஒப்பீடுதானே இதன் அடிப்படை. அவர்களுக்கு அதிர்வு போன்ற வேறு வழி வேண்டும்.

செயலியே இல்லாமல் வழிகாட்டும் ஜப்பான்

ஒலியால் திசை காட்டச் செல்போன்தான் வேண்டும் என்றில்லை. ஜப்பானின் பல சாலைச் சந்திப்புகளில், பாதசாரிகளுக்குப் பச்சை விளக்கு விழுந்ததும் கோழிக்குஞ்சு கத்துவதுபோலவோ குயில் கூவுவதுபோலவோ ஒலி எழும். எந்தத் திசையில் கடக்கலாம் என்பதை ஒலியின் வகை சொல்லும். பல இடங்களில் சாலையின் இரு முனைகளும் மாறி மாறிக் கூவும். இந்தப் பக்கம் ஒன்று கூப்பிட, எதிர்ப்பக்கம் பதில் கொடுக்கும். எதிரே கேட்கும் ஒலியை நோக்கி நேராக நடந்தால் போதும், நடுரோட்டில் கோணலாகப் போய்விட மாட்டோம். ரயில் நிலையங்களில் படிக்கட்டு இருக்கும் இடத்தைப் பறவை ஒலி காட்டுவதும் உண்டு.

அங்கும் ஒரு பிரச்சினை. அக்கம்பக்கத்து வீடுகளின் தூக்கம் கெடுகிறது என்று பல சந்திப்புகளில் இரவில் இந்த ஒலியை நிறுத்திவிடுகிறார்கள். ஒருவருக்கு இரைச்சலாக இருப்பது இன்னொருவருக்குப் பாதையாக இருக்கிறது.

புகைக்குள் வாசலைத் தேடும்போது

தீ விபத்தில் புகை மேலே எழும்பும். கதவுக்கு மேலே மாட்டியிருக்கும் ‘எக்ஸிட்’ பலகைதான் முதலில் மறையும். அலாரம் ஊளையிடும், ஆனால், அதன் ஒலி குறுகிய அலைவரிசையில் இருப்பதாலும் சுவர்களில் எதிரொலிப்பதாலும் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. சாவிக்கொத்துச் சோதனையில் பார்த்த அதே விஷயம்தான். அலாரத்தின் வேலை எழுப்பிவிடுவது, வழிகாட்டுவது அல்ல.

பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் டெபோரா விதிங்டன், ‘உஸ்ஸ்… உஸ்ஸ்…’ என்று பல அலைவரிசைகள் கலந்த ஒலித் துடிப்புகளை வெளியேறும் வழிகளில் வைக்கும் யோசனையை முன்னெடுத்தார். கண் தெரியாத புகையிலும் மூளை அந்த ஒலியின் திசையைப் பிடித்துக்கொள்ளும். பின்னோக்கி வரும் லாரிகளில் ‘பீப் பீப்’ சத்தத்துக்குப் பதிலாகச் சீறும் ஒலி சில நாடுகளில் பயன்படுவதும் இதே காரணத்துக்காகத்தான். எந்த லாரி நம்மை நோக்கி வருகிறது என்று எளிதாகத் தெரியும்.

தியேட்டரிலும் கேமிலும்

பொழுதுபோக்கில் இது பழைய ஆசை. 1881இலேயே பாரிஸ் ஓபரா மேடையில் வரிசையாக மைக் வைத்து, தொலைபேசிக் கம்பி வழியே இரு காதுக்கும் தனித்தனியாக ஒலி அனுப்பிக் காட்டினார் கிளெமென் அடேர். 2012இல் ‘பிரேவ்’ படத்துடன் வந்த டால்பி அட்மாஸ், ஒவ்வொரு ஒலியையும் தனிப் பொருளாகக் கருதி, கூரை ஸ்பீக்கர் உட்பட அரங்கில் எங்கு வேண்டுமானாலும் நிறுத்தும் வசதியைத் தந்தது.

விஆர் கண்ணாடியில் ஒலிக்கு இன்னும் பெரிய பொறுப்பு. பார்ப்பவர் எந்தப் பக்கமும் திரும்பலாம் என்பதால், கதை நடக்கும் பக்கம் அவர் முகத்தைத் திருப்ப வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு கதவு கிறீச்சிட்டால் போதும், திரும்பிவிடுவார். கண்ணுக்கு எல்லை உண்டு; காது எல்லாப் பக்கமும் திறந்தே இருக்கிறது.

2010இல் ஐபோனுக்கு வந்த ‘பாப்பா சாங்ரே’ என்ற விளையாட்டு, காட்சியே இல்லாமல் ஒலியை மட்டும் வைத்து ஆடுவது. 2020இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’, 60க்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளுடன் வெளியானது. எதிரி எங்கே, எடுக்க வேண்டிய பொருள் எங்கே என்பதை ஒலியால் காட்டியதால், பார்வையற்றவர்களும் அதை ஆடி முடிக்க முடிந்தது. கேளிக்கைக்கான ஒலியும் வழிகாட்டும் ஒலியும் இங்கே ஒன்றாகிவிட்டன.

செயலி நின்றுபோனால்?

கேம் நிறுத்தப்பட்டால் வருத்தம், அவ்வளவுதான். வழிகாட்டி நிறுத்தப்பட்டால்? சவுண்ட்ஸ்கேப் செயலியை மைக்ரோசாஃப்ட் 2023 ஜனவரியில் ஆப் ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டது. அதை நம்பித் தனியாக வெளியே போகப் பழகியவர்களுக்கு அது சாதாரண ‘அப்டேட்’ செய்தி அல்ல. ஆனால், செயலியின் மூல நிரலை நிறுவனம் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதைக் கொண்டு ‘வாய்ஸ்விஸ்டா’ போன்ற செயலிகளைப் பிறர் உருவாக்கினார்கள். நிரல் பூட்டியே கிடந்திருந்தால் அந்த வழி அங்கேயே முடிந்திருக்கும்.

இந்தச் செயலி பயன்படுத்தியது ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்ற பொது வரைபடத்தை. அதில் யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கித் தங்கள் தெருவின் கடை, பஸ் ஸ்டாப், மருந்தகம் ஆகியவற்றைக் குறிக்கலாம். வரைபடத்தில் இல்லாத கடையை எந்தச் செயலியாலும் ‘அதோ’ என்று காட்ட முடியாது. உங்கள் தெருவில் எதெல்லாம் விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்க ஒரு செல்போனும் பத்து நிமிடமும் போதும்.