விசை வேறு, அழுத்தம் வேறு

'கதவை அழுத்திச் சாத்து', 'பேனாவை அழுத்தி எழுது' என்று அன்றாடம் பேசுகிறோம். இங்கே அழுத்துவது என்றால் அதிக விசை கொடுப்பது. எனவே எட்டாம் வகுப்பில் 'விசையும் அழுத்தமும்' பாடத்துக்கு வரும் மாணவர் பலர், இரண்டும் ஒன்றே என்று எண்ணுகிறார்கள். சூத்திரத்தில் எண்களைப் பொருத்தி விடை கண்டுவிடுவார்கள். ஆனால், "கூரான கத்தி ஏன் எளிதில் வெட்டுகிறது?" என்று கேட்டால், "அதற்கு விசை அதிகம்" என்பார்கள். விசையை மாற்றாமல் பரப்பை மட்டும் மாற்றிக் காட்டினால் இக்குழப்பம் தீரும்.

புதுப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இதற்கு மணலே போதும். ஒரு தட்டில் உலர்ந்த மணலைப் பரப்பிச் சமப்படுத்துங்கள். 1 லிட்டர் தண்ணீர் நிரப்பிய, மூடி இறுகிய பாட்டிலை முதலில் நேராகவும், பிறகு தலைகீழாகவும் மணலில் நிறுத்துங்கள். சாயாமல் விரல்களால் தாங்கினால் போதும், அழுத்தக் கூடாது. எந்த நிலையில் அதிகம் புதையும் என்று மாணவர்களை முன்பே ஊகித்துச் சொல்லச் செய்யுங்கள். தலைகீழாக நிறுத்தும்போதே பள்ளம் ஆழமாகும். உடனே பாட்டிலை இரு நிலைகளிலும் சுருள்வில் தராசில் தொங்கவிட்டுக் காட்டுங்கள். எடை மாறவில்லை என்பதை அவர்களே படித்துச் சொல்லட்டும்.

தொடக்க வகுப்புகளுக்கு இந்த அளவே போதும். உயர் வகுப்புகளில் அடிப்பாகத்தையும் மூடியையும் வரைபடத்தாளில் வரைந்து, கட்டங்களை எண்ணிப் பரப்பைக் காணலாம். விசை 10 நியூட்டன். அடிப்பாகம் 50 சதுர செ.மீ. எனில் அழுத்தம் 2,000 பாஸ்கல். மூடி 7 சதுர செ.மீ. எனில் அழுத்தம் சுமார் 14,300 பாஸ்கல். 1 சதுர மீட்டர் என்பது 10,000 சதுர செ.மீ. என்பதை இங்கே நினைவூட்டுங்கள். 100 என்று எடுத்துக்கொள்ளும் பிழை அடிக்கடி நேர்கிறது.

அடுத்து, அருகிலுள்ள மாமல்லபுரத்துக்கு வருவோம். சிற்பியின் சுத்தியல் நேராகப் பாறையில் பட்டால், விசை அகன்ற பரப்பில் பரவும். அதே அடி உளியின் முனை வழியே சென்றால், சிறு பரப்பில் குவிந்து கல்லைச் செதுக்கும். விசையைக் கூட்டாமலே உளி அழுத்தத்தைக் கூட்டுகிறது.

அங்குள்ள வெண்ணெய் உருண்டைப் பாறை சுமார் 250 டன் எடையுள்ளது என்பர். அது தரையைத் தொடும் பரப்பை 1 சதுர மீட்டர் என வைத்துக்கொண்டால், அழுத்தம் 25 லட்சம் பாஸ்கல். இது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 25 மடங்கு. ஆனாலும் அடிப்பாறை நொறுங்கவில்லை. கருங்கல் பொதுவாகப் பத்துக் கோடி பாஸ்கலையும் தாங்கக்கூடியது.

பாட முடிவில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இரு காலில் நிற்பவர் ஒரு காலைத் தூக்கினால் எடை என்ன ஆகும்? தரைமீது அழுத்தம் என்ன ஆகும்?" எடை மாறாது, அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்று காரணத்துடன் சொல்லும் மாணவருக்குப் பாடம் புரிந்துவிட்டது. எடையும் கூடும் என்பவரை மீண்டும் மணல் தட்டுக்கு அழைத்து வாருங்கள்.