அடி வாங்காதவருக்குக் கைதட்டல் குறைவு

கியூபாவின் கில்லெர்மோ ரிகாண்டோ 2000, 2004 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்ற குத்துச்சண்டை வீரர். தொழில்முறைக்கு வந்தபின், 2013 ஏப்ரலில் நியூயார்க்கில் நோனிட்டோ டொனேரை வீழ்த்தினார். பத்தாவது சுற்றில் ஒருமுறை தரையில் விழுந்ததைத் தவிர, ஆட்டம் பெரும்பாலும் அவர் கையில்தான் இருந்தது. ஆனாலும் அரங்கில் அதிருப்திக் கூச்சல் எழுந்தது.

அரையடி விலகி, தலையைச் சற்றே சாய்த்து எதிராளியின் குத்தை வீணாக்குவது அவர் கலை. அந்த நுட்பம் பழகாத கண்ணுக்குப் பிடிபடாது. ரசிகர் பணம் கொடுப்பது நாக்-அவுட் பார்க்க. தொலைக்காட்சி நிறுவனங்களும் அதையே தேடுகின்றன. அமெரிக்க ரசிகர்களிடம் ஆங்கிலத்தில் பேசித் தன்னை விற்கவும் அவருக்கு வரவில்லை. தற்காப்பில் அவரைப் போலவே தேர்ந்த அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் மேவெதர், வாய்ச்சவடாலால் கோடிகளைக் குவித்தார். ரிகாண்டோவுக்குக் கிடைத்த புகழ் அவர் திறமைக்கு ஈடானதல்ல.