பால் காய்ச்சும் பித்தளைக்கு ஈயம் பூசியாச்சா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் பழைய வீட்டுப் பரண்களில் கிடந்த பித்தளை அண்டாக்களும் செப்புத் தவலைகளும் மறுபடி அடுப்படிக்கு இறங்குகின்றன. பாட்டி புழங்கிய பாத்திரம் உடம்புக்கு நல்லது என்கிறார்கள். பாட்டி அவற்றுக்கு ஈயம் பூசாமல் சமைத்ததில்லை என்பதுதான் மறந்துபோகிறது.

குடிதண்ணீர் வைக்கும் செப்புக் குடத்துக்குப் பூச்சு வேண்டாம். புளிக்குழம்பு என்றால் களிம்பேறிக் கசந்து நாக்கே சொல்லிவிடும். நான் பயப்படுவது பாலுக்குத்தான். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பச்சிளம் குழந்தையின் ஈரலுக்கோ அதிகப்படியான செம்பைப் பித்தநீர் வழியே வெளியேற்றும் திறன் குறைவு. பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஊரில் இதை உரக்கவே சொல்ல வேண்டும்.

ஆஸ்திரியாவின் டைரோல் மலைப்பகுதியில் 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் ஈரல் சுருங்கி இறந்தன. ஈயம் பூசாத செப்புப் பாத்திரத்தில் காய்ச்சிய பசும்பாலே காரணம் என்று 1996-இல் ‘லான்செட்’ இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பாத்திரம் மாறியதும் நோய் மறைந்தது. நம் நாட்டிலும் இதே போன்ற ஒரு நோய் குழந்தைகளைக் கொன்றது. 1980-களில் புனேயில் ஆராய்ந்த மருத்துவர்களின் சந்தேகமும் பித்தளை, செப்புப் பாத்திரப் பால் மீதே விழுந்தது. பரம்பரைக் கூறும் சேர்ந்திருக்கலாம். எவர்சில்வர் பரவிய பிறகு அந்த நோய் அரிதாகிவிட்டது.

ஈயம் பூசுபவரின் கையைக் கவனியுங்கள். துருத்தி ஊதிய கரி அடுப்பில் பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவுவார். குப்பென்று வெண்புகை கிளம்பும். சூட்டில் நவச்சாரம் பிரிந்து வரும் அமிலவாயு, உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடைத் தின்றுவிடுகிறது. அது போகாவிட்டால் ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடும். பிறகு ஈயக் கம்பியைத் தொட்டு இழுத்துப் பஞ்சால் ஒரு வீச்சு. மஞ்சள் பித்தளை வெள்ளியாக மின்னும். இது வெறும் மேல்பூச்சு இல்லை. ஈயமும் செம்பும் சேரும் இடத்தில் இரண்டும் கலந்த புதுச் சேர்மம் ஒன்று மெல்லிய அடுக்காக உருவாகிவிடுகிறது.

செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஈயத்துக்கு 232 போதும். ஆகவே வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைக்காதீர்கள், அதில் தாளிக்கவும் வேண்டாம். மணல் போட்டுத் தேய்த்தாலும் பூச்சு போய்விடும். உள்ளே மஞ்சளோ சிவப்போ தலைகாட்டினால் மறுபடி பூச வேண்டும்.

பூசுவது சுத்தமான வெள்ளீயமாக இருக்க வேண்டும். விலை குறைவு என்று காரீயம் கலந்ததைப் பூசினால், செம்பைத் தடுக்கப் போய்க் குழந்தையின் மூளையைக் கெடுக்கும் நஞ்சை நாமே ஊட்டியதாகிவிடும். அடுப்பு மூட்டுமுன் கம்பியை வாங்கிக் காதருகே வளைத்துப் பாருங்கள். வெள்ளீயம் கிறீச்சென்று சத்தம் போடும். உள்ளிருக்கும் படிகங்கள் திரும்பும் ஓசை அது. காரீயம் சத்தமில்லாமல் வளையும், வெள்ளைத் தாளில் இழுத்தால் கறுப்புக் கோடும் போடும்.