பாண்டிச்சேரிக்கு மாநில அந்தஸ்து: உண்மையில என்ன மாறும்?

வீக்எண்டு ட்ரிப்னா நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது பாண்டி. ஆனா அங்க ஓட்டு போடுறவங்களோட பிரச்சினை நம்மள்ல பலருக்குத் தெரியாது.

புதுச்சேரி ஒரு யூனியன் பிரதேசம். 1954ல பிரெஞ்சு நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது, 1962ல சட்டப்படி இணைந்தது. 1963ல வந்த யூனியன் பிரதேசச் சட்டப்படி சட்டசபை, முதல்வர் எல்லாம் உண்டு. அப்புறம் என்ன குறை?

அந்தச் சட்டத்தோட 44வது பிரிவைப் பாருங்க. அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் கருத்து வேறுபாடு வந்தா, விஷயம் குடியரசுத் தலைவருக்குப் போகும், அதாவது மத்திய அரசுக்கு. அவசரம்னு நினைச்சா, பதில் வர்றதுக்கு முன்னாடியே ஆளுநர் நடவடிக்கை எடுக்கலாம். கிரண் பேடி, நாராயணசாமி மோதலுக்கு வேர் இதுதான்.

இன்னொண்ணு, நியமன எம்.எல்.ஏ.க்கள். மக்கள் தேர்ந்தெடுக்கிறது 30 பேர். மத்திய அரசு 3 பேர் வரைக்கும் நியமிக்கலாம். 2018ல உச்ச நீதிமன்றமும் இதை ஏத்துக்கிச்சு. 2021 பிப்ரவரியில சிலர் ராஜினாமா செஞ்சதும் ஆளுங்கட்சி அணியில 12 பேர், எதிரணியில 14 பேர். அந்த 14ல 3 பேர் நியமன உறுப்பினர்கள். அவங்களைக் கழிச்சா 11தான். அரசு கவிழ்ந்தது.

எதிர்வாதமும் இருக்கு. 2011 கணக்குப்படி மக்கள்தொகை சுமார் 12.5 லட்சம்தான். காரைக்கால் தமிழ்நாட்டு எல்லைக்குள்ள, மாஹே கேரளா பக்கம், ஏனாம் ஆந்திரா பக்கம். வருமானம் போதுமாங்கிற கேள்வியும் நியாயமானது. மாநிலமானா நிதிக்குழு வழியா மத்திய வரியில பங்கு கிடைக்கும், ஆனா இப்போ நேரடியா வர்ற மத்திய மானியம் இதே மாதிரி தொடரும்னு சொல்ல முடியாது.

ஆனா "சின்ன இடம்"ங்கிறது மட்டும் காரணமாகாது. சிக்கிம் மக்கள்தொகை இதுல பாதிதான், அது மாநிலம். கோவாவும் யூனியன் பிரதேசமா இருந்து 1987ல மாநிலமாச்சு.

நாடாளுமன்றம் 3வது உறுப்பின்படி சாதாரணப் பெரும்பான்மையில சட்டம் போட்டாலே போதும். புதுச்சேரி சட்டசபை பலமுறை தீர்மானம் போட்டாச்சு.

என் கருத்து: பணக் கணக்கைப் பேசித் தீர்க்கலாம். ஆனா தன் ஓட்டுல வந்த அரசை, யாரும் ஓட்டே போடாத மூணு பேர் கவிழ்க்க முடியும்னா, அந்த ஓட்டுக்கு என்ன மதிப்பு? நீங்க என்ன நினைக்கிறீங்க?