பெயர் கிடைத்த தவளைகள்

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையில் பகலிலும் மூடுபனி இறங்கும். வன்னியில் நான் பணிபுரியும் கிராமத்துச் சகோதரிகள் சிலருடன் அங்கு போயிருந்தேன். வீதியோரப் பற்றையில் ஒரு சிறு தவளை. பெருவிரல் நுனியளவுதான் இருக்கும்.

"குளம் குட்டை ஒண்டும் இல்லையே தங்கச்சி, இது எங்க முட்டையிடும்?" என்று ஓர் அக்கா கேட்டார்.

நல்ல கேள்வி. இந்தப் பற்றைத் தவளைகளுக்குக் குளம் தேவையில்லை. அநேகமானவற்றில் தாய் ஈரமண்ணில் குழி பறித்து முட்டையிட்டு மூடிவிடும். வாற்பேய்ப் பருவம் முட்டைக்குள்ளேயே கழிந்து, கால் முளைத்த குட்டித் தவளையே வெளியே வரும். ஆனால் காட்டின் நிலம் காய்ந்தால் முட்டைகள் கெட்டுவிடும்.

முன்பு இத்தவளைகள் பலவும் ஒரு சில பெயர்களுக்குள்ளேயே அடக்கப்பட்டிருந்தன. உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்ட பின்னரே வேறுபாடு தெரிந்தது. 2005இல் கெலும் மனமேந்திர ஆராச்சியும் ரொஹான் பெத்தியாகொடவும் 27 புதிய இனங்களுக்குப் பெயரிட்டனர். அவற்றுள் 'ஸ்டூவர்டி', 'ஹொஃப்மன்னி' போன்றவை கண்டி, மாத்தளை மாவட்டங்களில் பரந்துள்ள நக்கிள்ஸ் மலைத்தொடரில் மட்டுமே வாழ்பவை. உலகில் வேறெங்கும் இல்லை.

அருங்காட்சியகங்களில் இருந்த பழைய தவளைகளை ஆராய்ந்தபோது, சில இனங்கள் முன்பே அழிந்துபோனதும் தெரியவந்தது. தனிப்பெயர் இல்லாததால் அவற்றின் இழப்பை எவரும் கவனிக்கவில்லை.

படிவங்களோடு வேலை செய்யும் எனக்கு இது புதிதல்ல. கணவர் காணாமற்போன சகோதரியைத் 'திருமணமானவர்' என்று எழுதுவதா, 'விதவை' என்று எழுதுவதா என எத்தனை முறை பேனாவுடன் தயங்கியிருக்கிறேன்! 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்தின் பின்னரே, இறந்துவிட்டார் என்று சொல்லாமல், காணவில்லை என்பதற்கே சான்றிதழ் பெற வழி பிறந்தது. சரியான பெயர் கிடைத்தால்தான் உரிமையைக் கேட்க முடியும்.

பெயர் மட்டும் போதாது என்பதும் உண்மை. ஏலச் செய்கைக்காகப் பெருமரங்களின் கீழுள்ள செடிகொடிகளை வெட்டியதால் நக்கிள்ஸின் ஈரம் குறைந்தது. 2000ஆம் ஆண்டில் இது பாதுகாக்கப்பட்ட வனமாக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையில் ஒரு பகுதியானது. அங்கு செல்லும் சகோதரிகளே, பாதையை விட்டு இறங்காதீர்கள். காலடிச் சருகின் கீழே ஒரு தாய் மூடிவைத்த முட்டைகள் இருக்கலாம்.

அந்த அக்கா திரும்பும்போது பற்றையைக் காட்டிச் சொன்னார்: "இதுக்கும் ஒரு பேர் இருக்கெண்டது சந்தோசம்."